பிடுங்க மனம் வராத வரிசை

நவம்பர் 2
முள்ளங்கி விதை போட்டாயிற்று, இரண்டு வரிசை. உருண்டைச் சிவப்பு ரகம். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது இதற்குச் சரிப்படாது; ஆணிவேர் அலுங்கினால் கிழங்கு கோணிக்கொள்ளும். அதனால் நேரே பாத்தியில்தான். ஒரு சாண் ஆழம் கொத்திக் கல்லையெல்லாம் பொறுக்கினேன். போன தடவை கல்லில் முட்டிய ஒன்று, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி வந்தது. விதை ஒரு செ.மீ. ஆழம் போனால் போதும். கை தாராளமாகிவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே விழுந்திருக்கும்.

நவம்பர் 6
நாலே நாளில் முளைத்துவிட்டது. ஜோடி ஜோடியாக, நடுவில் பள்ளம் விழுந்த விதையிலைகள். எள் போட இடமில்லாத நெருக்கம்.

நவம்பர் 13
கலைத்துவிட வேண்டிய நாள். செடிக்குச் செடி 5 செ.மீ. விட வேண்டும். வேரோடு பிடுங்கினால் பக்கத்துச் செடியும் ஆடும் என்று கத்தரிக்கோலால் மண்ணை ஒட்டி வெட்டினேன். முதல் வரிசை முடிந்தது. வெட்டியதில் ஒன்றை வாயில் போட்டேன். முதலில் வெறும் பச்சை வாசனை, மெல்ல மெல்லத்தான் காரம். இலை நசுங்கும்போதுதான் அந்தக் காரமே உண்டாகிறது. கடுகுக் குடும்பம் அல்லவா!

இரண்டாவது வரிசைக்கு வந்தபோது கை வரவில்லை. எல்லாமே நல்ல செடி. எதை வெட்டுவது? சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 17
இலையெல்லாம் ஊசியால் குத்தினாற்போல் ஓட்டை. எள்ளளவு கறுப்பு வண்டு. விரல் கிட்டே போனால் துள்ளி ஓடுகிறது. மெல்லிய வலைத்துணி போட்டு மூடினேன்.

நவம்பர் 21
தண்ணீர் ஊற்றினேன். வேறொன்றுமில்லை.

நவம்பர் 24
முதல் வரிசையில் மண்ணுக்கு மேலே சிவப்புத் தோள் தெரிகிறது. இரண்டாவது வரிசையில் தோளைக் காணோம், ஆனால் இலை அதைவிட ஒரு விரற்கடை உயரம். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. எரு வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழுக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 27
இரண்டு நாள் தண்ணீர் விட மறந்துபோய், மண் வெடித்துக் கிடந்தது. குற்ற உணர்ச்சியில் குடம் குடமாக ஊற்றினேன். செய்திருக்கக் கூடாது.

நவம்பர் 30
28 நாள் ஆயிற்று. முதல் வரிசையில் 19 கிழங்கு. அதில் நாலு, நெடுக்காக வெடித்திருந்தன. காய்ந்து கிடந்தது ஒரேயடியாக நீரைக் குடித்தால் தோல் தாங்குமா?

அப்புறம் இரண்டாவது வரிசை. கொத்தாக நாலைப் பிடித்து இழுத்தேன். நாலும் எலிவால். அடுத்த பிடியும் அப்படியே. வரிசையின் இரு முனையிலும் மட்டும் ஒவ்வொன்று நன்றாகத் திரண்டிருந்தது, ஒரு பக்கமாவது நெருக்கடி இல்லாததால். நான் காட்டிய இரக்கத்தில் பிழைத்தது இலை மட்டும்தான்.

டிசம்பர் 3
எலிவால்களில் மூன்றைப் பூக்க விட்டிருக்கிறேன். முள்ளங்கியின் இளங்காயையும் சாப்பிடலாம். மீதியைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் புது வரிசை, ஒவ்வொரு விதையாக. 31 போட்டேன். இரண்டு ஒட்டி விழுந்த இடத்தில் ஒன்றை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தேன்.