பிஸ்டன் கைக்கு வரட்டும், அப்புறம் போரிங்

என்னுடைய டிஒய்175 பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. 1970களில் யமஹா ட்ரையல்ஸுக்கென்றே, அதாவது பாறையும் மேடும் மெதுவாக ஏறும் போட்டிக்கென்றே செய்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 66 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50, மொத்தம் 171 சிசி.

போன தடவை ஒரு இன்ஜின் கட்டியபோது, தேய்ந்த துளையைக் கடைந்து “அடுத்த சைஸ் போட்டுடுங்க” என்று சிலிண்டர் பிளாக்கைப் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். பிஸ்டன் அப்புறம்தான் வந்தது. உள்ளே விட்டு அளந்தால் கிளியரன்ஸ், அதாவது பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, 0.11 மி.மீ.; ரொம்ப அதிகம். ஐடிலில் டக் டக்கென்று தட்டும். பிஸ்டனை அளக்காமல் போர் போடச் சொன்னது நான்தான்.

அடுத்த சைஸ் பிஸ்டன் பெட்டியில் 66.25 என்று அச்சடித்திருப்பார்கள். மைக்ரோமீட்டரில் பிடித்தால் ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) 66.21 இருக்கலாம், வேறு கம்பெனிக்காரன் பிஸ்டன் வேறு மாதிரி காட்டலாம். அதுவும் எங்கே பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பிஸ்டன் முழு வட்டம் கிடையாது. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் பின்னுக்குக் குறுக்கே அகலம், தலைப்பக்கம் ஒடுக்கம். பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட் அடியிலிருந்து கொஞ்சம் மேலே பிடித்த அளவுதான் கணக்கு.

இந்தப் பிளாக்கில் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்தேன். தேய்மானம் 0.09க்கு மேல் எங்குமில்லை. 66.25 போதும் என்று சந்தோஷப்பட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறச் சுவரில் உள்ள திறப்பு) பக்கத்தில் ஒரு கீறல், நகம் மாட்டுகிறது. ஆழம் எப்படியும் 0.15 இருக்கும். 0.25 பெரிதாக்கினால் ஒரு பக்கத்துச் சுவரில் 0.125தான் போகும், கீறல் அப்படியே நிற்கும். ஆக 66.50.

“அதான் கை வைக்கிறாயே, ஒரேயடியாக 67க்குப் போய்விடு” என்றான் நண்பன். போனால் 176 சிசி. ஐந்து சிசிக்காக, லைனரில் (சிலிண்டருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்) மிச்சமிருக்கும் 66.75, 67 என்ற இரண்டு சைஸையும் தின்றுவிட்டு, அடுத்த முறை புது லைனர் தேடி அலைய நான் தயாரில்லை.

ஃபோர்ஜ்டு பிஸ்டனும் (அழுத்தி அடித்துச் செய்தது) வேண்டாம் என்று முடிவு செய்தேன். உறுதிதான், ஆனால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் கிளியரன்ஸும் கூடுதலாக விட வேண்டும். பாறை மேல் நடை வேகத்தில் ஏறும் வண்டிக்கு அந்த உறுதி எதற்கு? உருக்கி வார்த்த சாதாரண காஸ்ட் பிஸ்டன், 0.045 கிளியரன்ஸ். இதைவிட இறுக்கவும் பயம்தான். ட்ரையல்ஸில் இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபின்னுக்குக் காற்றே வராது, பிஸ்டனின் அலுமினியமோ லைனர் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஏற்றத்தின் பாதியில் பிஸ்டன் இறுகி சீஸ் ஆனால் வண்டியோடு நாமும் கீழேதான்.

யமஹாவின் இன்னொரு வண்டியான டிடி175க்கும் இதே 66, இதே 50. அதற்காக அளவு ஒத்துப்போகும் எந்தப் பிஸ்டனையும் வாங்கிவிடக் கூடாது. பழசையும் புதுசையும் ஒரே பின்னில் கோத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பின்னிலிருந்து தலை வரை உயரம் ஒன்று. பெட்ரோல் கலவை உள்ளே வரும் ரீட் வால்வு பக்கம் ஸ்கர்ட்டில் இருக்கும் ஜன்னல்கள் ஒன்று. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் முனையை நிறுத்தும் குட்டி ஆணிகள் எந்தப் போர்ட்டுக்கும் நேராக வரவில்லை; வந்திருந்தால் ரிங் முனை போர்ட்டில் மாட்டி உடைந்திருக்கும்.

இந்த முறை பிளாக்கோடு பிஸ்டனையும் சேர்த்துக் கொடுத்தேன். நேற்று திரும்பி வந்தது. ரிங்கைத் தனியாக உள்ளே விட்டு அதன் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தால் 0.30, நல்ல இடைவெளி. போர்ட் விளிம்புகளைத்தான் மழுக்காமல் விட்டிருக்கிறார்கள், விரலை ஓட்டினால் கத்தி மாதிரி இருக்கிறது. சின்ன அரமும் எமரித் தாளுமாக இன்று ராத்திரி உட்கார வேண்டும்.