பஞ்சுக்குள் இருந்ததா, பாட்டிலில் பிறந்ததா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் விசைப்படகுகள் கரைசேர்ந்ததும் இறாலையும் நல்ல மீனையும் முதலில் பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவது சங்காயம். பொடிமீன், நண்டுக்குஞ்சு, கிழிந்த பாசி எல்லாம் கலந்த அந்தக் குவியல் தீவனத்துக்குப் போகும். என் முனைவர் பட்ட ஆய்வு அந்தக் குவியலின் ஓரத்தில்தான் தொடங்கியது. கையில் அனுமதிக் கடிதமும் ஐஸ் பெட்டியும் இருந்தன. உள்ளங்கை அகலத்தில் மஞ்சளாக ஒரு கடற்பஞ்சை, அதாவது ஸ்பாஞ்ச் எனும் கடல் உயிரியை, கண்டு எடுத்தேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "தம்பி, அதைத் தொட்டால் கை கறுத்துப்போகும்" என்றார். அப்படியே நடந்தது. அரை மணி நேரத்தில் பஞ்சின் ஓரங்கள் ஊதாவாகி, பிறகு முழுவதும் கறுத்தது. என் விரல் நுனிகளில் ஏறிய கறை மூன்று நாள் போகவில்லை.

இனம் கண்டுபிடிப்பதிலேயே தடுமாறினேன். கடற்பஞ்சுகளை அவற்றின் உடலில் இருக்கும் சிலிக்கா நுண்முட்களை வைத்து அடையாளம் காண்பது வழக்கம். சிறு துண்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் முட்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இரண்டு நாள் தேடியும் ஒரு முள்கூட அகப்படவில்லை. வேலையில்தான் பிழை என்று நினைத்தேன். வகைப்பாட்டியல் தெரிந்த மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, முள் இல்லாததுதான் அடையாளம் என்றார். வெரோஞ்சிட் வகைப் பஞ்சுகளுக்கு நார்ச்சட்டம் மட்டுமே உண்டு. காற்றுப்பட்டால் கறுப்பதும் அவற்றின் இயல்பு. எங்களிடம் இருந்தது சூடோசெரட்டினா பர்ப்யூரியா. இந்த இனத்துக்கு 1880-இல் இயற்கையியலாளர் கார்ட்டர் பெயரிட்டதே மன்னார் வளைகுடாவிலிருந்து வாரி எடுத்த மாதிரிகளைக் கொண்டுதான் என்று படித்தபோது மனம் நிறைந்தது.

இந்த வகைப் பஞ்சுகள் டைரோசின் அமினோ அமிலத்தோடு கடல்நீரின் புரோமினைச் சேர்த்து, நைட்ரஜன் கொண்ட அல்கலாய்டு என்னும் சேர்மங்களைக் கட்டுகின்றன. அவற்றைத்தான் தேடினேன். 600 கிராம் பஞ்சை நறுக்கி மெத்தனாலில் மூன்று முறை ஊறவைத்தேன். நல்லவேளையாக, மீதிப் பஞ்சு மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இருந்தது. மெத்தனாலை ஆவியாக்கியதும் குடுவையில் பழுப்புநிறப் பிசின் மிஞ்சியது. கடல் உப்பும் கலந்திருந்ததால் அது பொங்கிப் பொங்கிக் குழாய்க்குள் ஏறும். அந்த வாரம் முழுவதும் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் பிரித்தபோது இரண்டு பகுதிகள் தெளிவாக நின்றன. ஒன்று டிராகன்டார்ஃப் கரைசல் தெளித்ததும் ஆரஞ்சுப் புள்ளியாக எழுந்தது. அல்கலாய்டு இருப்பதற்கான பழைய, நம்பகமான அறிகுறி அது. ஆனால் கிடைத்தது 4 மில்லிகிராம்தான். மற்றது 38 மில்லிகிராம். ஆரஞ்சு நிறம் காட்டாவிட்டாலும் வெண்மையாக, அழகாகப் படிகமானது.

மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் அதற்கு 392, 394, 396 என்று மூன்று கோடுகள், உயரம் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. புரோமினின் இரு ஐசோடோப்புகளும் இயற்கையில் ஏறக்குறையப் பாதிப்பாதி இருப்பதால், இரண்டு புரோமின் அணுக்கள் இருந்தால் இப்படித்தான் விழும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனையில் 3.2-க்கு அருகே இரண்டு கூர்மையான கோடுகள்: இரண்டு மெத்தாக்ஸி (OCH₃) தொகுதிகள். தரவுகளில் தேடியதும் விடை கிடைத்தது. 1967-இல் ஷர்மாவும் பர்க்ஹோல்டரும் வெரோஞ்சியா பஞ்சுகளில் கண்ட டைபுரோமோ டையீனோன் என்ற புரோமின் சேர்மத்தின் கீட்டல் வடிவம், அதாவது இரண்டு மெத்தாக்ஸி சேர்ந்த வடிவம் அது. தெரிந்த சேர்மம்தான். புதிதல்ல என்ற ஏமாற்றத்தோடு நெறியாளரிடம் காட்டினேன். அவர் கோடுகளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த மெத்தாக்ஸி பஞ்சுக்குள் இருந்ததா, நம் பாட்டிலில் பிறந்ததா?"

ஊறவைத்த மெத்தனாலிலிருந்தும் மெத்தாக்ஸி வந்து ஒட்டியிருக்கலாம். ஃப்ரீசரில் இருந்த பஞ்சை எடுத்து, இம்முறை மெத்தனால் படாமல் அசிட்டோனில் ஊறவைத்தேன். அதே குழாய், அதே முறை. பிரிக்கும்போதும் மெத்தனாலைக் கலக்கவில்லை. 3.2-இல் கோடு இல்லை. நிறமாலையிலும் 392 இல்லை. மூன்று முறை செய்து பார்த்தேன், இல்லவே இல்லை. மெத்தனால்தான் டையீனோனோடு சேர்ந்து அந்த 38 மில்லிகிராமை உண்டாக்கியிருக்கிறது. இந்த வகைக் கீட்டல்கள் கரைப்பானால் வந்தவை என்று 1970-களிலேயே சந்தேகித்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளை நான் முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. நெருங்கிய உறவான அப்ளைசினா என்ற பஞ்சில், திசு காயப்பட்டால் பெரிய அல்கலாய்டுகளை நொதிகள் உடைத்து, நுண்ணுயிர்க்கொல்லியான சிறு மூலக்கூறுகளாக்கிவிடும் என்று ப்ரோக்ஷ் குழுவினர் 1990-களில் காட்டியிருக்கிறார்கள். உடைந்து வருபவற்றில் இந்த டையீனோனும் ஒன்று. எங்கள் பஞ்சோ வலையில் கிழிந்து, வெயிலில், சங்காயத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. ஆரஞ்சுப் புள்ளி 4 மில்லிகிராமாகச் சுருங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆய்வேட்டில் அந்தச் சேர்மத்தை "கரைப்பானால் உருவானது" என்ற தலைப்பின் கீழ், அசிட்டோன் ஒப்பீட்டோடு சேர்த்தேன். இப்போது மண்டபம் போகும்போது அசிட்டோன் நிரப்பிய பாட்டிலையும் உலர்பனிக்கட்டியையும் எடுத்துச் செல்கிறேன். வலை கொட்டும் இடத்திலேயே பஞ்சைப் பாதியாக வெட்டி, ஒன்றை உறைய வைக்கிறேன், மற்றதை அசிட்டோனில் போடுகிறேன். பாட்டில்மேல் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுகிறேன். அந்த அக்கா இப்போது மஞ்சள் பஞ்சு கண்ணில் பட்டால் எனக்காகத் தனியே கடல்நீர் வாளியில் போட்டு வைக்கிறார்.