ஜீரோ காட்டிய பிறகும்

குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் மெஷின் ஜீரோதான் காட்டியது. ஆனாலும் நான் அந்த டிரைவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கு வேண்டாம். வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றேன். கண்கள் சிவந்திருந்தன. டிரிப் ஷீட்டில் வண்டி எண்ணைத் தப்பாக எழுதி அடித்து, மறுபடியும் தப்பாக எழுதியிருந்தார். கேட்ட கேள்விக்குச் சற்றுத் தாமதித்தே பதில் வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "சார், பத்து மணியோட நிறுத்திட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்த கணக்குதான். மெஷினும் ஜீரோ காட்டுது. இதுக்கு மேலயும் நிறுத்துவீங்கன்னா, நான் எதுக்கு சார் பத்து மணிக்கு நிறுத்தணும்?"

நான் பதில் சொல்லவில்லை. வேறு டிரைவரைப் போட்டு லோடை அனுப்பினேன்.

கணக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான். கறுப்புக் காபியும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் போதையை இறக்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம் அது நடக்காது என்று விளக்க வேண்டியிருந்தது. நூறு மில்லி ரத்தத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹாலைத்தான் உடம்பு வெளியேற்றும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும், அவசரப்படுத்த முடியாது. இரவு பத்து மணிக்கு 120 இருந்தால், காலை ஆறு மணிக்குத்தான் ஜீரோவை நெருங்கும். தினமும் கேட்டில் எல்லோரும் ஊத வேண்டும் என்று வந்த பிறகு, நள்ளிரவு வரை குடித்துக்கொண்டிருந்த இவர் பத்து மணிக்கு மாறினார். குடிக்கும் அளவு குறைந்ததா, எனக்குத் தெரியாது. நேரம் மாறியது, அதைத் தானாகவே வந்து என்னிடம் சொல்வார். எனக்கு அதில் பெருமை உண்டு.

சட்டங்களும் இப்படித்தான் வேலை செய்திருக்கின்றன. பிரிட்டனில் 1967 அக்டோபரில் 80 மில்லிகிராம் வரம்பும் சுவாசப் பரிசோதனையும் வந்ததும், வார இறுதி இரவுகளில் சாலை மரணங்கள் சட்டென்று குறைந்தன. சில ஆண்டுகளில் அந்தப் பலன் கரைந்துபோனது. பிடிபடும் வாய்ப்பு தாங்கள் பயந்த அளவுக்கு இல்லை என்று ஓட்டுபவர்கள் கண்டுகொண்டதுதான் காரணம் என்று அதை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன்ஸ் ராஸ் எழுதினார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பர் முதல், சந்தேகம் எதுவும் இல்லாமலே எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். அங்கே மரணங்கள் குறைந்தன, அந்தக் குறைவு நீடித்தது. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் வரம்பை 80-லிருந்து 50-ஆக இறக்கியும் விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. சோதனை போதிய அளவு கூடாததைத்தான் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். தண்டனையின் கடுமையை விட, மாட்டுவோம் என்ற உறுதியே ஓட்டுபவரை மாற்றுகிறது என்று நான் நம்புகிறேன். அந்த உறுதிக்கு இன்னொரு பாதி இருக்கிறது: வரம்புக்குள் இருந்தால் நிறுத்த மாட்டார்கள் என்பது. அந்தப் பாதியை அன்று காலை நான் எடுத்துவிட்டேன். அண்ணன் கேட்டது அதைத்தான்.

இருந்தாலும், வரம்பு என்பது மனிதர்கள் போட்ட கோடு. இந்தியாவில் 30, சுவீடனில் 20, இங்கிலாந்தில் 80. உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆல்கஹால் முழுதாக வெளியேறிய பிறகும் கெட்டுப்போன தூக்கம் கெட்டதுதான். கவனம் உடனே திரும்பி வந்துவிடாது. அத்தனை டன் லோடோடு அவர் யார் மேலாவது ஏறியிருந்தால், மெஷினின் ஜீரோவைக் காட்டி நான் தப்பித்திருக்கலாம், செத்தவர் திரும்பி வர மாட்டார். அதே கண்களோடு நாளை அவர் வந்தாலும் நிறுத்துவேன்.

அப்படிச் சொல்லும்போதே ஒன்று இடிக்கிறது. குடிக்காத ஒருவர் அதே கண்களோடு வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடிய விடிய விழித்துவிட்டு வருபவர்களிடம் 'பார்த்துப் போங்க' என்றுதான் இந்தத் தொழிலில் சொல்கிறோம். நான் அன்று நிறுத்தியது சோர்வையா, அவர் குடிப்பவர் என்று எனக்குத் தெரிந்திருந்ததையா? எனக்குத் தெரிந்ததே அவர் சொல்லித்தான்.

அவர் இப்போதும் ஊதுகிறார், ஜீரோதான் வருகிறது. எப்போது நிறுத்தினார் என்று சொல்வதில்லை. மற்றவர்கள் கேட்டுக்கு வரும் முன் முகம் கழுவி, தலை வாரி, நிமிர்ந்து வருகிறார்கள். மெஷினுக்காக இரவு நேரத்தை மாற்றினார்கள். என் கண்ணுக்காக முகத்தை மட்டும் மாற்றுகிறார்கள். இதைக் கவனித்த பிறகுதான் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டேன்: ஜீரோ காட்டிய டிரைவரை நிறுத்தினால் 'சோர்வு' என்று மட்டும் பதிய வேண்டும், அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும், குடிப்பவர் குடிக்காதவர் எல்லோருக்கும் இதே விதி, என்னோடு இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

குடித்துவிட்டு வருபவருக்குக் கூலியோடு லீவா என்று கேட்டிருக்கிறார்கள். தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. நள்ளிரவு வரை குடிப்பதற்கு அதுவே காரணமாகிவிடலாம். மனுவை நான் திரும்பப் பெறவில்லை. அண்ணனுக்கு அன்று போன கூலியையும் அதில் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன்.