31ஆவது டிமோ

நேற்று சாயங்காலம் வெளியே மேயூ மழை, அதாவது இந்தப் பக்கத்துக் கோடைகால அடைமழை, விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த ஈரத்திலும் என் டிஸியில், அதாவது சீனப் புல்லாங்குழலில், ஒட்டிய டிமோ என்ற சவ்வு முழுசாக ஒரு மணி நேரம் தாங்கியது. இது 31ஆவது சவ்வு. தோற்றுப்போன 30ஐயும் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்கு டிஸி சொல்லித் தரும் லாவ்ஷி முதல் முறையாகப் பாதியில் கையை உயர்த்தி நிறுத்தாமல், கடைசி வரைக்கும் கூடவே வாசித்தார். இரவு தூக்கமே வரவில்லை.

குழல் பிடிப்பவர்களுக்காக எழுதுவதால் உதடு வைப்பது, மூச்சு இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நம் புல்லாங்குழலில் இல்லாதது ஒன்று டிஸியில் உண்டு. ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை இருக்கும். நாணல் தண்டின் உள்ளே இருந்து உரித்தெடுத்த சவ்வை அதன் மேல் ஒட்ட வேண்டும். அதுதான் டிமோ. வெங்காயச் சருகெல்லாம் அதன் பக்கத்தில் தடிமன். ஊதும்போது அது அதிர்வதால்தான் டிஸிக்கு அந்த ரீங்காரம் கலந்த கணீர் ஒலி.

லாவ்ஷியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சீனாவின் சூசோவுக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிறு காலையில் ஜின்ஜி ஏரிக்கரையில் உட்கார்ந்து என் ஐந்து கட்டைக் குழலில் மோகனம் வாசிப்பேன். மார்ச்சில் ஒரு நாள், ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா நின்று கேட்டார். அப்புறம் பையிலிருந்து டிஸியை எடுத்து, நான் வாசித்த சிட்டை ஸ்வரத்தின் முதல் இரண்டு ஆவர்த்தனத்தை அப்படியே திருப்பி வாசித்தார். ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இல்லை. ஆனால் ஒரு ஸ்வரம் தப்பவில்லை. ஒரே தடவைதான் கேட்டிருந்தார்.

நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எனக்கும் அவர் லாவ்ஷி, அதாவது ஆசிரியர்தான். என் பெயரின் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டு என்னை 'சியாவ் மா' என்று கூப்பிடுகிறார். வாரம் ஒரு நாள் குன்ச்சூ பாடுகிறவர்களோடு உட்கார்ந்து வாசிப்பார். குன்ச்சூ பிறந்த குன்ஷான் பக்கத்து ஊர். யுனெஸ்கோ 2001இல் அறிவித்த முதல் பட்டியலிலேயே இடம்பெற்ற பாட்டு நாடகம் அது. அதற்குப் பாட்டோடு இழைந்து போகும் முதல் வாத்தியம் ச்சூடி என்கிற நீளமான டிஸி. அந்தச் சாயலில்தான் எனக்கும் சொல்லித் தருகிறார். காசு வாங்கவில்லை. பதிலுக்கு எனக்குத் தெரிந்த ராகங்களைக் கேட்கிறார்.

அவர் ஸ்வரங்களைச் சியென்பூ முறையில் எண்களாக எழுதுவார்: 1 2 3 5 6. பார்த்ததும் தெரிந்தது, அது மோகனம். ஆதார ஸ்வரத்தை மாற்றினால் வேறு ராகம் வரும் கிரக பேதத்தை நான் சொல்ல ஆரம்பித்தேன், அவரோ அதையே கோங், ஷாங், ச்சுவே, ஜி, யூ என்று ஐந்து வகையாக வைத்திருந்தார். 2இல் தொடங்கினால் மத்யமாவதி, 5இல் சுத்த சாவேரி, 6இல் சுத்த தன்யாசி. 3ஐ ஆதாரமாக வைத்து அவர் வாசித்தபோது ஹிந்தோளம் வந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு ஞாயிறு அதிலேயே போனது.

சரி, டிமோ. முதலில் நான் செய்த தப்பு, கடையில் வாங்கிய உடனடிப் பசையை வைத்தது. விளிம்பு கல்லாக இறுகி, சவ்வு கிழிந்து, மூங்கிலில் வெள்ளைத் தழும்பும் விழுந்தது. லாவ்ஷி ஒன்றும் சொல்லாமல் நகத்தால் அரை மணி நேரம் சுரண்டினார். பிறகு சமையலறை அலமாரியைத் திறந்து அச்சியாவ் கட்டி ஒன்றை எடுத்து வந்தார். கழுதைத் தோலைக் காய்ச்சி எடுப்பது. ஷாண்டோங்கின் தோங்-அ ஊர்ச் சரக்குக்குத்தான் பேர். ரத்தம் ஊற வேண்டும் என்று பெண்கள் இதைச் சாப்பிடுகிறார்கள், அதே கட்டிதான் டிமோவுக்கும் பசை.

ஈர விரலால் கட்டியைத் தேய்த்து, விரல் பிசுபிசுத்ததும் துளையைச் சுற்றி மட்டும் தடவ வேண்டும். சொட்டு உள்ளே போகக் கூடாது. தண்ணீர் அதிகமானால் சவ்வு ஊறிச் சுருளும், குறைந்தால் ஓரம் எழும்பும். பெருவிரலை வைத்து எடுத்தால் லேசாக இழுத்துப் பிடிக்கும் ஒரு பதம் உண்டு. பாகு பதம் பார்த்தவர்களுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

சவ்வை வைப்பதற்கு முன் விரல்களுக்கு நடுவே மெல்லக் கசக்கிச் சுருக்கம் உண்டாக்க வேண்டும். ஒட்டிய பிறகு அந்த வரிகள் குழலுக்குக் குறுக்காக, சன்னமாக, ஒரே சீராக ஓட வேண்டும். என்னுடைய 30இல் 20 தோற்றது இந்த இடத்தில்தான். இறுகிவிட்டால் ஒலி அடைத்துக்கொள்ளும். தளர்ந்தால் கரகரக்கும், மேல் ஸ்தாயி எழும்பாது. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மயிரிழை. அந்த மயிரிழை லாவ்ஷியின் காதில் இருக்கிறது. ஒட்டிவிட்டு வீசாட்டில் பத்து நொடி வாசித்து அனுப்புவேன். 'இறுக்கம்', 'மடிப்பு பெரிது' என்று ஒரு வார்த்தை வரும். பிரித்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். ஒரு தடவைகூட அவர் காது பொய்த்ததில்லை.

ஜூன் நடுவில் மேயூ மழை தொடங்கியதும் கற்றதெல்லாம் மாறிவிட்டது. காலையில் சரியாக இருந்த சவ்வு மதியத்துக்குள் தொய்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் இறுக்கமாக ஒட்டி, ஈரம் அதைப் பதத்துக்குக் கொண்டு வரட்டும் என்று விடச் சொன்னார். 31 அப்படி ஒட்டியதுதான்.

சரக்கு விஷயம் ஒன்று. இணையத்தில் ஒரு கடையில் மலிவாக 20 சவ்வு வாங்கினேன். எல்லாமே பழையது, தொட்டால் உடைந்தது. மிகவும் கோபமாக வந்தது. நாள்பட்ட டிமோவை விற்பவர் வாசிக்கிறவரின் நேரத்தைத் திருடுகிறார். பிடித்துப் பார்த்து, வளைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாசிக்காத நேரத்தில் சவ்வுக்கு மேல் போடும் சின்ன மூடியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

விரல் வேலை இன்னும் முடியவில்லை. நம் குழலில் மேலிருந்து இரண்டு துளையை மூடினால் ச. லாவ்ஷி சொல்லித் தரும் விரலமைப்பில் மூன்று. வேகம் கூடினால் என் கை தன்னால் இரண்டுக்கு ஓடி, ச இருக்க வேண்டிய இடத்தில் ரி விழுகிறது. டிஸியின் தெற்குச் சீனப் பாணியில் உள்ள நான்கு நகாசுகளில் 'தா' மட்டும் நன்றாக வருகிறது. ஒரே ஸ்வரம் திரும்ப வரும்போது விரலால் தட்டிப் பிரிப்பது அது, நமக்குப் பழகிய கைதான். மேல் ஸ்வரத்தைச் சட்டென்று தொட்டு இறங்கும் 'தியே' இன்னும் அழுக்காக இருக்கிறது.

அதற்குள் அடுத்த ஆசை வந்துவிட்டது. ஹாங்சோவின் யூஹாங் பக்கம் ஜோங்தாய் என்று ஓர் ஊர், கசப்பு மூங்கிலில் டிஸி செய்யும் பட்டறைகளுக்குப் பேர் போனது. மழை விட்டதும் போகலாம் என்றார் லாவ்ஷி. ஐந்து கட்டையில் பாங்டி என்கிற குட்டையான டிஸி ஒன்று எடுக்க வேண்டும், ஊரிலிருந்து கொண்டு வந்த குழலோடு சுருதி சேரும். அவர் நம் குழல் ஒன்று கேட்டிருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு கட்டையில் வாங்கி வருவேன்.

இன்று காலை எழுந்து பார்த்தேன். 31 ஓரத்தில் லேசாக எழும்பியிருக்கிறது. கட்டியை நனைத்து வைத்துவிட்டேன், சாயங்காலம் 32.