மாந்தோவாவில் ஒரு நாள் நடை

வட இத்தாலியின் வெரோனாவில் தங்கியிருந்த நான்கு நாட்களில் ஒன்றைப் பக்கத்து நகரமான மாந்தோவாவுக்கென்று ஒதுக்கியிருந்தேன். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். வழிகாட்டி யாரையும் அமர்த்திக்கொள்ளவில்லை. முந்தைய இரவு நோட்டுப் புத்தகத்தில் நானே வரைந்துகொண்ட கோட்டுப்படம்தான் துணை. பழைய நகரம் கையடக்கமானது என்பதால் அது போதுமானதாக இருந்தது. போதாமல் போனது செருப்புதான். தெருக்களில் பாவியிருப்பவை ஆற்றுக் கூழாங்கற்கள். மெல்லிய அடி கொண்ட செருப்போடு ஜூலை வெயிலில் அவற்றின் மேல் நடந்ததை என் பாதங்கள் இன்னும் மறக்கவில்லை.

நிலையத்திலிருந்து நேரே நகரைக் குறுக்காகக் கடந்து, சான் ஜோர்ஜோ பாலத்தின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பி நடக்கத் தொடங்கினேன். இந்த ஊருக்குள் நுழைய வேண்டிய முறை இதுதான் என்பது என் கருத்து. இருபுறமும் தண்ணீர், எதிரே கோட்டைக் கொத்தளங்களும் கோபுரங்களும் குவிமாடங்களும் ஏரியின் மட்டத்திலிருந்தே எழுவதைப் போலத் தெரிகின்றன. கார்தா ஏரியிலிருந்து இறங்கிவரும் மின்சோ ஆற்றை 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்பெர்தோ பித்தெந்தினோ என்ற பொறியாளர் தடுத்து நிறுத்தி உருவாக்கிய ஏரிகள் இவை. மேல் ஏரி, நடு ஏரி, கீழ் ஏரி என்று மூன்று இன்று எஞ்சியிருக்கின்றன. தெற்கே இருந்த நான்காவதை 18ஆம் நூற்றாண்டில் வற்றச் செய்துவிட்டார்கள். அந்த நான்கும் இருந்தவரை நகரம் ஒரு தீவு. அதாவது, கண்ணுக்கு இயற்கைக் காட்சியாகத் தெரிவது உண்மையில் ஒரு பெரிய அகழி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அன்று முழுவதும் எதைப் பார்த்தாலும் இது பிறவியா செய்கையா என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

பாலம் முடியும் இடத்திலேயே சான் ஜோர்ஜோ கோட்டை நிற்கிறது. 1328 முதல் 1707 வரை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் பெரிய அரண்மனைத் தொகுதியில் இதுவும் ஒரு பகுதி. ஐந்நூறு அறைகளுக்கு மேல் கொண்ட அந்த அரண்மனையை முழுவதும் பார்க்க முயல வேண்டாம். நான் முயன்று பாதியில் கால் கெஞ்சியது. கோட்டைக் கோபுரத்திலுள்ள ஒரே ஓர் அறைக்காகப் போகலாம். அந்திரேயா மாந்தெஞ்யா 1465 முதல் 1474 வரை சுவர்களிலும் விதானத்திலும் வரைந்த அறை அது. விதானத்தின் நடுவே வட்டமாக வெட்டப்பட்ட ஒரு துளை. அதன் வழியே நீல வானம். துளையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு சில பெண்களும் குழந்தைகளும் ஒரு மயிலும் கீழே நம்மைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு கழியின் மேல் தாங்கலாக வைக்கப்பட்ட செடித்தொட்டி ஒன்று எந்த நொடியும் தலையில் விழலாம் போலிருக்கிறது. துளையும் இல்லை, வானமும் இல்லை, எல்லாம் சுதையின் மேல் பூசிய வண்ணம் என்று நன்றாகத் தெரிந்தும் தொட்டிக்கு நேர் கீழே நிற்காமல் ஓரடி விலகிக்கொண்டேன்.

வெளியே வந்து பிரொலெத்தோ சதுக்கத்தைக் கடக்கும்போது சுவரில் பதித்த ஒரு வெண்பளிங்குச் சிலையைக் காணலாம். மேசை முன் அமர்ந்திருப்பவர் லத்தீன் மகாகவி விர்ஜில், கி.மு. 70இல் இந்த வட்டாரத்தில் பிறந்தவர். தொப்பியும் அங்கியுமாக இருப்பதால் உள்ளூர்க்காரர்கள் அவரைக் 'கிழவி' என்று செல்லமாக அழைக்கிறார்களாம். நம் வீரமாமுனிவரும் இந்த மாவட்டத்துக்காரர்தான். 1680இல் அவர் பிறந்த காஸ்திலியோனே ஊர் இங்கிருந்து தொலைவில் இல்லை. அங்கும் போயிருக்கலாம், நாள் இடங்கொடுக்கவில்லை.

அடுத்த சதுக்கத்தில் தரை மட்டத்துக்குக் கீழே, படியிறங்கிப் போகும்படி ஒரு வட்டமான செங்கல் கோயில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சான் லொரென்சோ அது. பிற்காலத்தில் சுற்றிலும் வீடுகள் முளைத்து அதை முற்றாக மூடிவிட, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் வெளிப்பட்டது. உள்ளே ஆளே இல்லை. செங்கலின் குளிர்ச்சியில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒப்பனை எதுவும் இல்லாத இந்த இடமே இந்த நகரில் எனக்கு மிகவும் பிடித்தது. மதிய உணவுக்குப் பூசணிக்காய் பூரணம் வைத்த தொர்தெல்லி என்ற பாஸ்தா; பூரணத்தில் பாதாம் பிஸ்கோத்துத் தூள் கலப்பதால் கொழுக்கட்டையைப் போல இனித்தது. ஒரு தட்டுக்கு மேல் முடியாது.

தெற்கே அரை மணி நடந்தால் பலாட்சோ தே. ஓவியர் ரஃபேலின் மாணவர் ஜூலியோ ரொமானோ 1525இல் தொடங்கிக் கட்டிய உல்லாச மாளிகை. முற்றத்துச் சுவரின் மேல்வரிசையில் சில கற்கள் நழுவி இறங்கியிருக்க, கட்டடம் சிதைந்துவிட்டதோ என்று ஐயுற்றேன். வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார். அரக்கர்கள் அறையில் சுவரும் கூரையும் சேரும் மூலைகளை மழுக்கி, ஒரே தொடர் ஓவியமாக்கி, ரோமானியக் கடவுள் ஜூபிடரின் இடி விழுந்து தூண்களும் மலைகளும் சரிவதை வரைந்திருக்கிறார். கண் ஓய்வெடுக்க ஒரு மூலைகூடக் கிடைக்காததால் எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் நிலையத்துக்குப் பின்னுள்ள மேல் ஏரிக் கரைக்குப் போனேன். அங்கே கண்டதை நான் எதிர்பார்க்கவில்லை: கண்ணுக்கெட்டிய தூரம் வரை தாமரை. ஆளுயரத் தண்டுகள், முறம் அளவு இலைகள், இளஞ்சிவப்புப் பூக்கள். 1921இல் ஓர் இளம்பெண், கிழங்கு உணவுக்கு ஆகும் என்ற எண்ணத்தில் இவற்றைக் கொண்டுவந்து நட்டாராம். கிழங்கை யாரும் பெரிதாகத் தின்றதாகத் தெரியவில்லை; செடியோ ஆண்டுதோறும் வெட்டிக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பரவிவிட்டது.

கரையில் தாத்தாவுடன் வந்த ஒரு சிறுவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். என் புட்டியிலிருந்து அருகிலிருந்த இலையில் சிறிது தண்ணீர் ஊற்றினேன். அது பாதரசமாகத் திரண்டு, ஓடி, ஒட்டாமல் ஏரிக்குள் விழுந்தது. அவன் கையை நீட்டிப் புட்டியை வாங்கிக்கொண்டு, கடைசிச் சொட்டு தீரும்வரை ஊற்றிப் பார்த்தான். நிலையத்தில் வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.