தாழ்ப்பாள்

"பெயின்ட் வேணாம் சார். தாழ்ப்பாள் வேணும்."

டீ டம்ளரை எடுக்க வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை சொன்னது. பள்ளி மேலாண்மைக் குழுவில் கால் மணி நேரமாகக் கழிப்பறைச் சுவருக்கு என்ன கலர் என்று பேசிக்கொண்டிருந்தோம். (நான் இளநீலம் கட்சி.)

போய்ப் பார்த்தேன்.

தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. ஒன்றில் சணல் கயிறு. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். கைபட்டுக் கைபட்டு முடிச்சே கறுத்துப்போயிருந்தது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தோம். அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிற ஒருத்தர்கூட இல்லை.

தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 1989 ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டது. நாங்கள் அவளை டம்ளர் எடுக்கத்தான் கூப்பிட்டோம்.

"அடுத்த கூட்டத்துல ரெண்டு பிள்ளைங்களும் உட்காரட்டுமே" என்றேன்.

"படிப்பு கெட்டுப்போகும்ங்க" என்றார் ஒருவர்.

டம்ளர் எடுக்க வந்தப்போ கெடலையா?

தாழ்ப்பாள் தீர்மானத்தில் ஏறிவிட்டது. இளநீலமும்.