சீட்டுக் காசு, பாபத் பிட்டு, அபுதாபி டிஸ்னி: கொழும்புக்கு ஒரு நாள் ஓட்டம்

முதல்ல அந்த ஓட்டோக் கதையைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம். விடிய அஞ்சரைக்கு வெள்ளவத்தையில பஸ்ஸால இறங்கிறன், தோளில பை, கையில அம்மா கட்டித் தந்த பனங்கிழங்கு, கண் முழுக்க நித்திரை. இந்தக் கோலத்தைப் பார்த்தாலே தெரியும்தானே ஆள் யாழ்ப்பாணத்தால வந்து இறங்கியிருக்கு எண்டு. கொட்டாஞ்சேனைக்கு எவ்வளவு எண்டு கேட்டன். 2,500. மீட்டரைப் போடுங்கோ எண்டன், "மீட்டர் வெட நே மல்லி" எண்டார். மீட்டருக்கு மேல ஒரு மஞ்சள் துவாயைப் போட்டு மூடி வச்சிருக்கிறார், துவாய்க்குள்ளால சிவப்பு இலக்கம் நல்லா மினுங்குது! வேலை செய்யாத மீட்டர் ஏன் மினுங்குது எண்டு கேக்கிற அளவுக்கு எனக்குச் சிங்களம் காணாது, போனில சார்ஜும் இல்லை ஆப் போட, கடைசியா 1,800க்கு இழுத்துப் பறிச்சு ஏறினன். பகல் அதே தூரத்தைத் தம்பி ஒருத்தன்ர போனால ஆப்பில பார்த்தா ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல காட்டுது. அந்த எழுநூறை நான் இண்டைக்கும் மறக்கேல்லை, இனியும் மறக்கமாட்டன்.

பஸ் அதை விட மோசம். ஏசி பஸ் எண்டு சொல்லி மூவாயிரத்துக்குக் கிட்ட வாங்கினவங்கள். ஏசி இருந்தது, ஆனா என்ர தலைக்கு மேல இருந்த ஓட்டையில மூடி இல்லை, எட்டு மணித்தியாலமும் நேரா உச்சந்தலையில குளிர் காத்து. சீட் டயருக்கு மேல, கால் நீட்டேலாது, முழங்கால் நாடியில இடிக்குது. புத்தளத்தில தேத்தண்ணிக்கு நிப்பாட்டினதுதான் முழு இரவிலயும் நடந்த ஒரே நல்ல விசயம்.

சரி, ஏன் இவ்வளவு பாடுபட்டுப் போனனான் எண்டு சொல்லவேணும். நாங்கள் நாலு பேர். கொட்டாஞ்சேனை அண்ணை, தெஹிவளையில இருக்கிற பாங்க் அக்கா, மட்டக்களப்பில இருந்து வந்து கொழும்பில ஐடி வேலை பார்க்கிற தம்பி, பேந்து நான். நாலு பேருக்கும் ஒரே விசர், தீம் பார்க். ஆர் எங்க புது ரைட் கட்டினாலும், எந்தக் கொம்பனி எந்தக் கொம்பனியை வாங்கினாலும் இரவிரவா வட்சப்பில அடிபடுவம். ஆனா போன கணக்கைப் பார்த்தா சிரிப்பு வரும். அக்கா மட்டும் 2012இல சிங்கப்பூர் யுனிவர்சல் போனவ. நான் சென்னையில விஜிபி. அண்ணை ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட். தம்பி எல்லாத்தையும் யூடியூப்பிலயே ஓடி முடிச்சிட்டான்.

அதால ஒண்டரை வருசத்துக்கு முன்னம் ஒரு சீட்டுத் தொடங்கினம். மாசம் ஆளுக்கு 15,000, அக்காதான் தாய்ச்சி, காசைச் சேர்த்து வச்சிருக்கிற ஆள். 18 மாசம் முடிஞ்சு ஆளுக்கு 2,70,000 கிடக்கு. இப்ப எங்க போறது எண்டு நேரில இருந்து முடிவெடுக்கத்தான் இந்தப் பயணம். வட்சப்பில முடிவெடுக்கப் பார்த்து மூண்டு தரம் சண்டை பிடிச்சாச்சு.

மத்தியானம் கொம்பனித்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார் அண்ணை. அங்க மலே ஆக்கள்ர சாப்பாடு. பிட்டும் பாபத்தும் எண்டு சொல்லேக்க நான் ஏதோ புது மீன் எண்டு நினைச்சன், பேந்து பார்த்தா மாட்டு இரைப்பைக் கறி! எனக்கு முகம் சுருங்கிப்போச்சு. அண்ணை ஒண்டும் கதைக்கேல்லை, பிட்டைக் குழிச்சு அதுக்குள்ள குழம்பை ஊத்தி என்ர பக்கம் தள்ளிவிட்டார். ஐயோ. அந்த இரைப்பைத் துண்டு ஒவ்வொண்டிலயும் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண், ஒவ்வொரு கண்ணுக்குள்ளயும் குழம்பு நிண்டு, கடிக்கேக்க அப்பிடியே வாய்க்குள்ள இறங்குது, ரம்பை வாசம் வேற. ரெண்டாம் தரம் பிட்டுக் கேட்டு, மூண்டாம் தரம் வெக்கத்தை விட்டுக் குழம்பு மட்டும் கேட்டு வாங்கினன். யாழ்ப்பாணத்துப் பிட்டுத்தான் உலகத்தில பெரிசு எண்டு திரிஞ்ச எனக்கு இது தேவைதான். காசும் பெருசா இல்லை, ஓட்டோக்காரனிட்ட விட்ட காசில ரெண்டு பேர் சாப்பிட்டிருக்கலாம்.

பின்னேரம் காலிமுகத்திடல். காத்துக்குப் பட்டங்கள் எல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது, வலப்பக்கம் கடலை நிரப்பிக் கட்டின துறைமுக நகரம், முன்னால இறால் வடை வண்டில். ஆளுக்கு ரெண்டு இறால் வடையோட கட்டில இருந்து சண்டையைத் தொடங்கினம்.

அண்ணை ஒரே பிடி, அபுதாபி டிஸ்னி வரும் வரைக்கும் காசைத் தொடாதேங்கோ எண்டு. 2025 மே மாசம் டிஸ்னி அறிவிச்ச நாளில இருந்தே மனுசன் இப்பிடித்தான். யாஸ் தீவில வருகுது, ஏற்கெனவே அங்க ஃபெராரி வேர்ல்ட், வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட், சீவேர்ல்ட் எல்லாம் கிடக்கு, ஒரே போக்கில நாலு பார்க் பார்க்கலாம் எண்டு கணக்குப் போட்டு வச்சிருக்கிறார். அந்த அறிவிப்பில ஒரு வசனம் இருந்தது, உலக சனத்தொகையில மூண்டில ஒரு பங்கு அங்கயிருந்து நாலு மணித்தியாலப் பறப்புக்குள்ள இருக்கு எண்டு. எங்களுக்குக் கட்டுநாயக்காவில இருந்து நாலரைக்கும் மேல. அந்த மூண்டில ஒண்டுக்குள்ளயும் நாங்கள் இல்லை, பாருங்கோ! ஆனா உண்மையைச் சொன்னா நான் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கு அபுதாபிக்குப் போய் பாஸ்போட்டில முத்திரை குத்தி வெளியில வந்திருக்கலாம், அது வேற கதை.

நான் கேட்டன், "அண்ணை, ஆர் காசு போடுறது?" எண்டு. இதுதான் எனக்குக் கன நாளா மண்டைக்குள்ள ஓடுற விசயம். அபுதாபியில டிஸ்னி தன்ர காசைப் போடேல்லை. மிரால் எண்டு அங்கத்தக் கொம்பனிதான் காசு போட்டுக் கட்டி நடத்தப்போகுது, டிஸ்னி வரைஞ்சு குடுத்துப் பேருக்கு வாடகை வாங்கும். புதுசும் இல்லை. டோக்கியோவில இருக்கிற ரெண்டு டிஸ்னிப் பார்க்கும் ஓரியண்டல் லாண்ட் எண்ட ஜப்பான் கொம்பனியின்ரதான். அதில ஒண்டான டிஸ்னிசீயில 2024 ஜூனில திறந்த ஃபான்டசி ஸ்பிரிங்ஸ் எண்ட பகுதிக்கு 320 பில்லியன் யென் போட்டவை, அது முழுக்க ஓரியண்டல் லாண்ட் காசு. அதாலதான் அந்தப் பார்க் அவ்வளவு வடிவு எண்டு விசர் பிடிச்ச ரசிகர்கள் எல்லாரும் சொல்லுவினம். ஹொங்கொங்கில பெரிய பங்கு அரசாங்கத்தின்ர. சிங்கப்பூர் யுனிவர்சலும் கென்டிங் எண்ட மலேசியக் குழுமத்தின்ர, யுனிவர்சல் பேர் மட்டும்தான். வீட்டுக்காரன் ஒருத்தன், பேர்ப்பலகை இன்னொருத்தன்ர.

இதில என்ன பிழை எண்டு அண்ணை கேட்டார். பிழை இல்லை அண்ணை, பேர்ப்பலகைக்காரன் எப்ப வேணுமெண்டாலும் பலகையைக் கழட்டிக்கொண்டு போவான் எண்டன். கென்டிங் மலையில நடந்ததுதானே. 2013இல ஃபொக்ஸ் எண்ட படக் கொம்பனியின்ர பேரில உலகத்திலயே முதல் பார்க் எண்டு மலேசியாவில தொடங்கினவை, இழுபட்டு இழுபட்டு 2018இல கென்டிங் நூறு கோடி டொலருக்கு மேல கேட்டு வழக்குப் போட்டுது, அடுத்த வருசம் ஃபொக்ஸையே டிஸ்னி விழுங்கிட்டுது, பேந்து சமாதானமாப் போய் 2022 பெப்ரவரியில கென்டிங் ஸ்கைவேர்ல்ட்ஸ் எண்ட பேரில திறந்தது. ஒம்பது வருசம்! துபாயில இன்னும் மோசம், யுனிவர்சல் வருகுது எண்டு 2007இல சொல்லி வாசல் வளைவை மட்டும் பாலைவனத்தில கட்டிப்போட்டு, 2008 பொருளாதார அடியோட விட்டிட்டுப் போனவை. அங்க சிக்ஸ் ஃபிளாக்ஸ் எண்ட பார்க் ஒண்டும் வருகுது எண்டு சொல்லி 2019இல அதையும் கைவிட்டவை. அறிவிப்பை நம்பிச் சீட்டுக் காசைக் கட்டி வைக்கேலாது.

அண்ணை விடேல்லை. "மிரால் சொன்னதைச் செய்யிறவன், சீவேர்ல்டை 2023இல திறந்து காட்டினவன். இப்ப டிஸ்னிக்கு சிஇஓவா எடுத்திருக்கிறதே பார்க் பகுதியைப் பார்த்த ஜோஷ் டமாரோவைத்தானே, இனிப் பார்க்குக்குத்தான் காசு இறங்கும்" எண்டார். அதில நியாயம் இருக்குத்தான். பத்து வருசத்தில 60 பில்லியன் டொலர் பார்க்குக்கும் கப்பலுக்கும் எண்டு 2023இலயே சொன்னவை. ஆனா வரைஞ்சு, கட்டி, திறக்க எண்டு கூட்டிப் பார்த்தா 2030க்கும் அங்கால போகும். அப்ப எனக்கு முழங்கால் இருக்குமோ தெரியாது, இந்த பஸ்ஸில இன்னும் நாலு தரம் வந்தா நிச்சயமா இருக்காது.

இடையில லண்டன் கதையும் வந்தது, வராமல் போகுமே. பெட்ஃபோர்ட்டில யுனிவர்சல் 2031இல திறக்கிறதா இருக்கு, பழைய செங்கல் சூளைக் காணி. எனக்கு லூட்டனில ஒரு மாமி இருக்கிறா, தங்கிற செலவு மிச்சம் எண்டன். அக்கா சிரிச்சுப்போட்டு, "விசாவை மாமியா தருவா?" எண்டா. பாரிஸும் அப்பிடித்தான், டிஸ்னியின்ர ரெண்டாவது பார்க்குக்கு டிஸ்னி அட்வென்ச்சர் வேர்ல்ட் எண்டு பேர் மாத்தி 2026 மார்ச் 29க்கு ஃப்ரோசன் பகுதியோட திறக்க நாள் குறிச்சவை, எங்களுக்கு லாச்சப்பல் முழுக்கச் சொந்தக்காரர், ஆனா ஷெங்கன் விசாவுக்கு பாங்க் ஸ்டேட்மென்ட் ஆர் காட்டுறது.

தம்பிக்கு சவூதி. 2025 டிசம்பர் கடைசி நாள் கித்தியாவில சிக்ஸ் ஃபிளாக்ஸ் திறந்தாப் பிறகு ஃபால்கன்ஸ் ஃபிளைட் எண்ட ரோலர் கோஸ்டரைத் தவிர வேற ஒண்டும் வாயில வராது. மணிக்கு 250 கிலோமீற்றர், நாலு கிலோமீற்றருக்கு மேல நீளம், மலை விளிம்பில இருந்து கீழ விழுகிறது. அவன் எழும்பி நிண்டு தாமரைக் கோபுரத்தைக் கையால காட்டி, "அண்ணா, அதில கிட்டத்தட்ட அரைவாசி உயரம், அங்கயிருந்து விழுந்தா எப்பிடி இருக்கும், மறுகா யோசிச்சுப் பாருங்க" எண்டான். நாங்கள் எல்லாரும் கோபுரத்தைப் பார்த்தம். பக்கத்தில இருந்த ஒரு ஐயாவும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காகம் அவன்ர மடியில இருந்த இறால் வடையைத் தூக்கிக்கொண்டு போனது. நல்ல பெரிய இறால், எனக்கே மனம் கஷ்டமாப் போச்சு.

அக்கா இவ்வளவு நேரமும் கதைக்கேல்லை, போனில கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தவ. பேந்து வாசிச்சா. சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா தேவையில்லை, அந்தச் செலவு பூச்சியம். விமான டிக்கெட் ஆளுக்கு ஒரு லச்சத்துக்குக் கிட்ட. யுனிவர்சல் ஒரு நாள் டிக்கெட் 80 சிங்கப்பூர் டொலருக்கு மேல, எங்கட காசுக்கு இருபதாயிரம் வரும். தங்கிறது லிட்டில் இந்தியாவில பங்க் கட்டில். சாப்பாடு ஹோக்கர் கடை. எல்லாம் சேர்த்து ரெண்டரை லச்சத்துக்குள்ள நிக்கும் எண்டா. தான் போகேக்க இருந்த மடகாஸ்கர் பகுதியை இடிச்சுப்போட்டு 2025 பெப்ரவரியில மினியன் லாண்ட் கட்டியிருக்கினம், பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரெட்டைக் கோஸ்டர் நிக்குது, அது காணும் எண்டா.

நிண்டென்டோ திறக்கும் வரைக்கும் பொறுப்பமே எண்டு தம்பி இழுத்தான், அங்க சூப்பர் நிண்டென்டோ வேர்ல்ட் கட்டிக்கொண்டிருக்கினம். அக்கா ஒரு பார்வை பார்த்தா. "டொலர் 360 ரூபா ஆன காலத்தில நீ ஸ்கூல் பெடியன், உனக்குத் தெரியாது" எண்டா. அதோட ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. 2022இல அக்கான்ர முதல் பயணக் காசு எப்பிடிக் கரைஞ்சது எண்டு எங்களுக்குத் தெரியும், வெளிநாட்டுக்கெண்டு ரூபாயில சேர்த்து வச்சது ரெண்டு மாசத்தில அரைவாசிப் பெறுமதி.

அண்ணையும் இறங்கி வந்தார், ஆனா சும்மா இல்லை. அபுதாபிக்கு அடுத்த மாசத்தில இருந்து ரெண்டாவது சீட்டு, அதுக்குத் தான்தான் தாய்ச்சி எண்டார். அக்கா ஒண்டும் சொல்லேல்லை. பனங்கிழங்கை மனுசன் வீட்டில வச்சே முடிச்சிட்டார், அதையும் நான் ஒண்டும் சொல்லேல்லை.

ஆகவே ஓகஸ்ட், சிங்கப்பூர். டிக்கெட் போட்டாப் பிறகு செலவு விபரம் ஒழுங்கா எழுதுறன், இந்தத் தரமும் எப்பிடிப் போறது, எங்க தங்கிறது எண்டெல்லாம் எழுதத்தான் தொடங்கினனான், ஓட்டோக்காரன் குழப்பிப்போட்டான்.

இரவு வெள்ளவத்தையில திரும்பிற பஸ்ஸுக்கு புக்கிங் பெடியனிட்ட டயருக்கு மேல மட்டும் வேண்டாம் தம்பி எண்டு கெஞ்சி முன்பக்கம் சீட் எடுத்தன். ஏறிப் பார்த்தா இந்த பஸ்ஸிலயும் என்ர தலைக்கு மேல மூடி இல்லை. பையைத் துழாவினா இறால் வடை சுத்தின பேப்பர் கிடந்தது, கசக்கி அந்த ஓட்டைக்குள்ள அடைச்சுவிட்டன். புத்தளம் வரைக்கும் நிண்டது.